வெள்ளையில் இரண்டு வெள்ளை

வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று என்னைக் கேட்டால் பதினொன்று வரைக்கும் விரல் விட்டுச் சொல்வேன். பால் வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, நீலம் தட்டிய வெள்ளை, பழுப்பு எட்டிப் பார்க்கிற வெள்ளை, இன்னும் பேர் வைக்காத சிலது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் ஷேடு பார்த்தவள் நான். சாயம் போட்டு வருகிற துணி, வெளிநாட்டுக்காரர் ஒப்புக்கொண்டு அனுப்பிய மாதிரித் துணியோடு நிறத்தில் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. அதற்கென்று ஒரு தனி அறை, அறைக்குள் லைட் பாக்ஸ் என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டி. பெட்டிக்குள் மூன்று விளக்கு. பகல் வெளிச்சம் போல ஒன்று, வெளிநாட்டுக் கடைகளில் எரிகிற மாதிரி ஒன்று, வீட்டு மஞ்சள் பல்பு மாதிரி ஒன்று. மூன்றிலும் ஒத்துப்போனால்தான் நான் கையெழுத்துப் போடுவேன். நான் கையெழுத்துப் போடாமல் ஒரு முழத் துணி கட்டிங் மேசைக்குப் போகாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதலாம்தான். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்த அறை கிடைத்தது சாதாரண விஷயமில்லை.

அப்படிப்பட்ட நான் ஐந்து மாதம் தினமும் காலையில் ஒரு பொய் வெள்ளையைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தேன். கொடுத்தவர் என் வீட்டுக்காரர்.

வெளிநாட்டுக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்றிருந்த கோட்டாவை எடுத்துவிட்டார்கள், இனி ஆர்டர் வந்து கொட்டப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம் அது. எனக்கு அப்போது ஐம்பது முடிந்திருந்தது. மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நின்றபோது சந்தோஷப்பட்டேன். பிறகுதான் அந்தச் சூடு ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பி, கழுத்து, காது என்று ஏறி, தலைமயிர் வேர் வரைக்கும் கொதிக்கும். இஸ்திரி போடுகிற இடத்தில் நீராவிக்குள் முகத்தைக் கொடுத்தது போல இருக்கும். ஐந்து நிமிஷத்தில் ஜாக்கெட் நனைந்துவிடும், அப்புறம் குளிரும். தூக்கம் அறவே போனது. தூக்கம் போனதும் கண் போனது. பார்வை நன்றாகத்தான் இருந்தது, நிதானம்தான் இல்லை. ஒரு துணியை நாலு தடவை பார்த்தாலும் மனசு முடிவெடுக்காது. அதுவரைக்கும் ஒரே பார்வையில் சொன்னவள் நான்.

கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. ஷேடு ரூம் அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது என்று ஒருத்தர் வாயில் வந்தால் போதும், அறை போய்விடும். எனக்கு அந்த அறை போகக்கூடாது. அந்த வருஷம் எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

அவினாசி ரோட்டில் ஒரு பெண் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். வீட்டுக்காரர்தான் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது மார்பில் புற்றுநோய் இருந்ததா, காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா, பிரஷர் உண்டா என்று வரிசையாக விசாரித்தார். மார்பைப் பரிசோதித்தார், படம் எடுத்து வரச் சொன்னார். அப்புறம்தான் ஹார்மோன் மாத்திரை எழுதினார். உடம்பு சுரக்காமல் விட்டதை மாத்திரையாகக் கொடுக்கிறோம், இதில் ஆபத்தும் உண்டு, பத்திரிகையிலும் எழுதுகிறார்கள், அதனால் சும்மா வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கக்கூடாது, என்னிடம் வந்து காட்டிக்கொண்டு இரண்டொரு வருஷம் பார்க்கலாம் என்றார். தினமும் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை. மாதத்தில் கடைசிப் பன்னிரண்டு நாள், கர்ப்பப்பைக்குக் காவலாகக் கூடவே ஒரு மஞ்சள் மாத்திரை. மஞ்சள் முடிந்ததும் மூன்று நாள் போல விலக்கு வரும், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார்.

ஒரே மாதத்தில் நான் பழைய மனுஷி ஆனேன். சூடு அடங்கியது, தூக்கம் வந்தது. லைட் பாக்ஸ் முன்னால் உட்கார்ந்தால் ஒரு பார்வையில் ஓகே, ஒரு பார்வையில் ரிஜக்ட். சாய ஆலைக்காரர்கள் மறுபடியும் என்னைக் கண்டு பயந்தார்கள். அதுவும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் வெட்கம் ஒன்று இருந்தது. அந்த மாத்திரை அட்டையில் திங்கள், செவ்வாய் என்று கிழமை போட்டிருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது குழந்தை உண்டாகாமல் இருக்கச் சாப்பிடுகிற மாத்திரை மாதிரியே இருக்கும். மகன் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான், இந்த வயதில் இந்த அட்டை எதற்கு இந்த அம்மாவுக்கு என்று சிரிப்பார்கள். எங்கள் தெரு மெடிக்கல்காரர் வேறு என் வீட்டுக்காரர் இருக்கிற காவடிக் குழுவிலேயே இருந்தார். அதனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு கடையில் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவைப்பேன். பட்டன் சாம்பிள் வருகிற சின்ன டப்பா அது. எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் ஊசி, சேஃப்டி பின், பொட்டு எல்லாம் அதில்தான் கிடக்கும். அட்டையைக் கசக்கி, கம்பெனிக்குப் போகிற வழியில் எறிந்துவிடுவேன்.

தீபாவளி கழிந்ததும் என் வீட்டுக்காரர், வாங்குகிற வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கடையிலேயே பிதுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன், அட்டை வீட்டுக்கே வரவேண்டாம் என்றார். என் வெட்கத்தை இந்த மனுஷர் எவ்வளவு பதவிசாகக் காப்பாற்றுகிறார் என்று உருகிப்போனேன். இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

காவடி விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். நாங்கள் தறி ஓட்டிய குடும்பம். தறி போய், என் வீட்டுக்காரர் நாலு மெஷின் போட்டுக் காலர் பின்னிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தறி போனாலும் முருகன் போகவில்லை. தைப்பூசத்துக்கு எங்கள் தெருக் குழு பழனிக்கு நடந்து போகும். குழுவின் காவடி தை முதல் நாளிலிருந்து நடை கிளம்பும் நாள் வரைக்கும் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும். அந்த வீட்டுக்காரர்தான் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார். அந்த வீட்டுப் பெண்தான் தினமும் நைவேத்தியம் செய்வாள், நடையின் முதல் நாள் அவினாசிபாளையத்தில் மொத்தக் குழுவுக்கும் மதியச் சாப்பாடு போடுவாள். அதனால் விலக்கு நின்ற பெண் இருக்கிற வீடாகப் பார்த்துத்தான் காவடி வைப்பார்கள், குறை வராத வரைக்கும் வீட்டை மாற்றவும் மாட்டார்கள். மார்கழிக் கடைசியில் குழுவின் பெரியவர் வாசலுக்கு வந்து, அந்த வீட்டுப் பெண்ணையே கூப்பிட்டு, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று கேட்பார். புருஷன் பதில் சொல்லக் கூடாது, அவள்தான் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் அதற்காக இருபது வருஷம் காத்திருந்தவர். எனக்கு நின்ற வருஷம் காவடி எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்தப் பதினைந்து நாளும் அவர் தரையில் கால் பாவாமல்தான் நடந்தார். மாத்திரை சாப்பிட ஆரம்பித்து மறுபடி விலக்கு வர ஆரம்பித்ததும் அவர் முகம் சுருங்கியதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு நானே பேச்சை எடுத்தேன். டாக்டரம்மாவிடம் கேட்டால் நாளைத் தள்ளிவைக்க வழி சொல்வார், இல்லையென்றால் அந்த ஒரு மாதம் நான் சூட்டைப் பொறுத்துக்கொள்கிறேன் என்று என் வாயால் சொன்னேன். அவர் பதிலாக, அதெல்லாம் முருகன் பார்த்துக்கொள்வான் என்றார்.

முருகன் பார்த்துக்கொண்டான் என்றுதான் நானும் நினைத்தேன். மார்கழியில் விலக்கு வரவில்லை. போகப்போகக் குறையலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் கவலையும் படவில்லை. பெரியவர் வாசலில் நின்று கேட்டபோது, சுத்தமாக இருக்கிறது என்று நிமிர்ந்து சொன்னேன். தை ஒன்றாம் தேதி காவடி வீட்டுக்குள் வந்ததும் அதன் முன்னால் விழுந்து கும்பிட்டேன். இந்த அற்ப உடம்புக்காக நீ இரங்கினாயே என்று தேம்பித் தேம்பி அழுதேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். குனிந்து என் நெற்றியில் விபூதி வைத்துவிட்டார்.

அதற்கு முன்பே சூடு திரும்பியிருந்தது. முன்பைவிட மோசமாக வந்தது. அவினாசிபாளையத்தில் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்து, கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அடுப்புச் சூடு என்று எல்லாரும் சொன்னார்கள். மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிடுகிறேனே, ஏன் இப்படி என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். டாக்டரிடம் போகலாம் என்றால், தைப்பூசம் முடியட்டும் என்றார். முடிந்த பிறகு கேட்டால், தானே போய்க் கேட்டு வந்ததாகச் சொன்னார். உடம்புக்கு மருந்து பழகிப்போனால் சிலருக்கு இப்படி ஆகும், சில மாதம் பொறுக்கச் சொன்னார் டாக்டர் என்றார். நானும் பொறுத்தேன். அவருக்கு மூத்தவள், என் நாத்தனார், இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். இந்த மாத்திரை விஷயம் என் வீட்டுக்காரரைத் தவிர அவளுக்கு மட்டும்தான் தெரியும், நானே நம்பிச் சொன்னது. அவளும் வந்து என் முதுகைத் தடவிக்கொடுத்து, நாங்களெல்லாம் மாத்திரை சாப்பிட்டா இதைத் தாண்டி வந்தோம், மனசைத் தைரியமாக வைத்துக்கொள் என்றாள்.

மாசி மாதம் அந்தத் தப்பு நடந்தது. வெள்ளை நிறத்தில் குழந்தைகள் பனியன், பெரிய ஆர்டர். உடம்புத் துணி ஒரு தடவை சாயம் போட்ட லாட், கழுத்துப் பட்டிக்கான துணி வேறு லாட். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அன்று தொடர்ந்து மூன்று தடவை சூடு வந்து, வேர்வை கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கழுத்துப் பட்டித் துணியைப் பகல் விளக்கில் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தைத்து, மடித்து, பெட்டி கட்டப் போகும்போது வெளிநாட்டு பையரின் ஆள் வந்து ஒரு பனியனை ஜன்னலோரம் விரித்துப் பார்த்தார். அடுத்து மஞ்சள் பல்புக்குக் கீழே பிடித்தார். கழுத்து மட்டும் தனியாகப் பழுப்படித்தது. முழு ஆர்டரும் நின்றது.

மேனேஜர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். எங்கள் ஊர் மரியாதையோடுதான் சொன்னார். "அக்கா, கொஞ்ச நாளைக்குச் செக்கிங் டேபிள்ல இருங்க. வயசாகுதுங்கல்ல, கண்ணுக்கும் ரெஸ்ட் வேணுமுங்க."

ஷேடு அறை சாவியைத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தார்கள். நான் செக்கிங் மேசையில் நாற்பது பெண்களோடு நின்று, ஓட்டை விழுந்த இடத்திலும் எண்ணெய்க் கறையிலும் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்காரர் ஷேடு கேட்டு வந்தால் என்னைக் காட்டி அறிமுகப்படுத்தியவர்கள், இப்போது என் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போனார்கள். என் உடம்பு எனக்குத் துரோகம் செய்துவிட்டது என்று நினைத்தேன். புத்தியும் கழன்றுகொண்டிருக்கிறதோ என்று பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சொல்லி அழுதபோது, விட்டுத்தள்ளு, இவ்வளவு நாள் பார்த்தது போதாதா என்றார் வீட்டுக்காரர். டீ போட்டும் கொடுத்தார்.

சித்திரையில் ஒரு நாள் மதியம், சாப்பாட்டு வேளையில் கைப்பையைக் கவிழ்த்து உதறினேன். பஸ் டிக்கெட்டுகளோடு மடித்த காகிதப் பொட்டலம் ஒன்று விழுந்தது. உள்ளே ஒரு வெள்ளை மாத்திரை. நினைவு வந்தது. தீபாவளிக்கு முந்திய வாரம் ஒரு நாள் காலையில் நேரமாகிவிட்டதென்று கம்பெனியில் போய்ச் சாப்பிட எடுத்துவைத்து, மறந்துபோனது. அப்போது அட்டையிலிருந்து நானே பிதுக்கியது. பொட்டலம் விழுந்த அன்றும் நேரமாகிவிட்டதால் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன், சாப்பிட்டவுடன் போடலாமென்று. அதையும் எடுத்தேன். இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று பால் வெள்ளை, இன்னொன்று சுண்ணாம்பு வெள்ளை.

எழுந்து நேராக ஷேடு அறைக்குப் போனேன். அந்தத் தூத்துக்குடிப் பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். லைட் பாக்ஸைப் போட்டுக் காட்டு என்றேன். அவள் கை கழுவிக்கொண்டு வந்து போட்டாள். மாத்திரை இரண்டையும் பெட்டிக்குள் வைத்தேன். பகல் விளக்கில் கொஞ்சம்தான் வித்தியாசம் தெரிந்தது. கடை விளக்கில் கூடியது. மஞ்சள் பல்பில் இரண்டும் சுத்தமாகப் பிரிந்துவிட்டன. ஓரத்து வளைவும் ஒன்றில்லை. துணியாக இருந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் ரிஜக்ட் போட்டிருப்பேன்.

அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "எக்கா, இது ஒரே லாட் இல்லியே. வேற வேறல்லா தெரியுது" என்றாள்.

அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. என் கண் சரியாகத்தான் இருக்கிறது, புத்தியும் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து மேலே விழுந்தது.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பஸ் பிடித்து டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். பழையதைக் காட்டி, இது நான் எழுதிய மாத்திரைதான் என்றார். மற்றதை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, இது ஏதோ சத்து மாத்திரை மாதிரி இருக்கிறது, யார் கொடுத்தது என்று கேட்டார். வெள்ளை மாத்திரை இல்லாமல் மஞ்சளை மட்டும் சாப்பிட்டால் விலக்கும் வராது, சூடும் அடங்காது என்று விளக்கினார். வீட்டுக்காரர் வந்து உங்களைக் கேட்டாராமே என்றேன். டாக்டரம்மா மாத்திரையைக் கீழே வைத்தார்.

"இல்லீங்க. ஆடி மாசம் உங்களைக் கூட்டிட்டு வந்ததோட சரி. அதுக்கப்புறம் அவரு வரவேயில்லீங்க."

நான் வீடு போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. நாத்தனாரும் அவரும் முன்னறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சில்வர் தட்டில் இரண்டு மாத்திரைகளையும் வைத்து நடுவில் வைத்தேன். எது உங்களுடையது, எது என்னுடையது என்று சொல்லுங்கள் என்றேன். அவர் தட்டைப் பார்க்கவே இல்லை. நாத்தனார்தான் முதலில் பேசினாள். அந்தச் சத்து மாத்திரை அவள் சாப்பிடுவதுதான், தம்பி கேட்டதால் கொடுத்தாளாம். மாத்திரைதானே விலக்கை வரவைக்கிறது, அது இல்லாவிட்டால் வராது என்ற யோசனையும் அவளுடையதுதான். மஞ்சளுக்கு மட்டும் ஜோடி கிடைக்கவில்லையாம், அதனால் அதை விட்டுவிட்டார்களாம். கார்த்திகை பிறந்ததிலிருந்து நடந்திருக்கிறது. கறிவேப்பிலை இல்லாமல் கொத்தமல்லி போட்டுத் தாளித்தேன் என்பது போலச் சொன்னாள்.

நான் அவரிடம் திரும்பினேன். "ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லீருக்கலாமுங்கல்ல?"

"நீ வேண்டாமும்பேன்னு நெனச்சேன் புள்ள" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். அது அவருக்கே தெரியும். ஒரு மாதம் பொறுத்துக்கொள்கிறேன் என்று நானாகவே சொன்னவள். கேட்டுவிட்டால் அது நான் கொடுத்ததாகிவிடும், முருகன் தனக்குக் கொடுத்ததாக இருக்காது என்று நினைத்தாரோ என்னமோ. சரி, தைப்பூசம் முடிந்த பிறகாவது மாற்றியிருக்கலாமே என்று கேட்டேன். அதற்கு, பத்திரிகையில் அந்த மாத்திரை கெடுதல் என்று போட்டிருந்தான், உன் நல்லதுக்குத்தான் விட்டுவிட்டேன் என்றார். செய்து முடித்த பிறகு கிடைத்த காரணம் அது. கெடுதல் என்று பயந்தவர் என்னிடம் அந்தப் பத்திரிகையைக் காட்டியிருக்கலாம், டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். மாசி மாதம் நான் வேலையில் அவமானப்பட்டு வந்து அழுதபோதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான் பைத்தியமாகிக்கொண்டிருக்கிறேனோ என்று அவர் மடியில் தலை வைத்துக் கேட்டேனே, அப்போதாவது. பதிலுக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

எனக்கு அன்று அழுகை வரவில்லை. அந்த அழுகையெல்லாம் காவடி முன்னால் முன்கூட்டியே செலவாகிவிட்டது. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. சாமி இரங்கினான் என்று நான் விழுந்து அழுததை அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விபூதி வைத்துவிட்டார். அறை போனதைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன், அந்த விபூதியை மறக்க முடியாது.

கம்பெனியில் நடந்ததைச் சொல்லி அறையைத் திரும்பக் கேட்கலாமா என்று யோசித்தேன். என்னவென்று சொல்வது? என் புருஷன் மாத்திரையை மாற்றி வைத்தான், அதனால் உங்கள் ஆர்டர் நின்றது என்றா? மேனேஜரிடம் ஒரு தடவை, உடம்பு இப்போது சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். சந்தோஷமுங்க அக்கா என்றார். அந்த அறை எனக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை.

அடுத்த நாள் காலையில் நானே எங்கள் தெரு மெடிக்கலுக்குப் போனேன். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள், ஒருவர் குழுவில் நடக்கிறவர். சீட்டை நீட்டி, மாத்திரை பேரைச் சத்தமாகவே சொன்னேன். அட்டையோடு வாங்கி, கிழமை தெரிகிற மாதிரி சமையலறையில் காலண்டருக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டினேன். பட்டன் டப்பாவைக் குப்பையில் போட்டேன். இரண்டு வாரத்தில் சூடு அடங்க ஆரம்பித்தது. மாதம் ஒரு தடவை விலக்கும் வந்தது. டாக்டரம்மாவிடம் மூன்று மாதத்துக்கொரு தடவை தனியாகப் போய்க் காட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் சமைத்தேன், அவர் துணிகளைத் துவைத்தேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். நாத்தனார் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவேன். அவர் எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஐப்பசியில் காவடிக்கு மயிலிறகு புதிதாக வாங்கிக்கொண்டு வந்து, எனக்குக் காட்டி அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

மார்கழிக் கடைசியில் பெரியவர் வந்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். வழக்கப்படி என்னைத்தான் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் குளித்து, விபூதி பூசி, கதவோரம் கைகட்டி நின்றிருந்தார். குழுவில் இன்னும் இரண்டு பேர் தெருவில் நின்றிருந்தார்கள்.

"அம்மிணி, ஊடு சுத்தமா இருக்குதுங்களா?"

"இல்லீங்க சாமி" என்றேன். "எனக்கு மாசாமாசம் வருதுங்க. டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரை சாப்படறனுங்க. வேற ஊட்டுல வச்சுக்குங்க."

பெரியவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். புருஷன் பதில் சொல்லக்கூடாது என்பதால் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. பெரியவர் சரிங்க அம்மிணி என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். காவடி மூன்றாம் தெருவில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டது என்று அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது.

அவர்கள் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் என் வீட்டுக்காரர் கதவோரத்திலேயே நின்றிருந்தார். பிறகு சமையலறை வாசலுக்கு வந்தார்.

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லீருக்கலாமில்ல புள்ள?"

நான் ஆணியிலிருந்து அட்டையை எடுத்து, அன்றைக் கிழமைக்கு உள்ளதைப் பிதுக்கினேன்.

"நீங்க வேண்டாமும்பீங்கன்னு நெனச்சனுங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் ஊற்றி விழுங்கினேன்.